தண்ணீர் நூலாக வரும்போது

ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக விழுகிறது என்று ஆள் அனுப்பினால், சென்னைப் பிளம்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மொட்டை மாடிக்கு ஏறுவார். கொழும்பில், வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ, அதே புகாருக்கு வருகிறவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசல் பக்கம் குனிந்து தண்ணீர் மீட்டரைப் பார்ப்பார். "அக்கா, தோட்டத்துப் பைப்பை ஒருக்காத் திறந்து விடுங்கோ" என்பது அவருடைய முதல் வார்த்தை. சென்னைக்காரருடையது, "சார், டேங்க் அவுட்லெட் எத்தனை இன்ச் போட்டிருக்கீங்க?" இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் இரண்டு ஊர் வீடுகளும் வேறு வேறு நம்பிக்கையில் கட்டப்பட்டவை. சென்னை வீடு தெருக்குழாயை நம்புவதில்லை. கொழும்பு வீடு இன்னும் நம்புகிறது.

இதில் நிலத்துக்கும் பங்கு உண்டு. கொழும்புக்கு முதுகுப்பக்கம் மலை இருக்கிறது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்பின் மாளிகாகந்தை வரை தண்ணீர் தானாகவே சரிந்து வந்து சேர்ந்தது. இன்றைக்கும் லபுகமவும் களட்டுவாவ நீர்த்தேக்கமும் அம்பத்தளையில் சுத்திகரித்து ஏற்றப்படும் களனி ஆற்று நீரோடு சேர்ந்து நகரத்துக்குத் தண்ணீர் தருகின்றன. சென்னை தட்டையான ஊர். செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872இலிருந்து நகரத்துக்கு வருகிறது என்றாலும், கீழ்ப்பாக்கம் வந்தபின் போதிய வேகத்தோடு தெருக்களுக்கு அனுப்ப அதைப் பம்ப் வைத்து மேலே தூக்க வேண்டியிருந்தது. 1914இல் அங்கே நீரேற்று நிலையம் வந்ததும் அதற்காகத்தான். பிறகு ஊர் பெருத்தது, ஏரி பெருக்கவில்லை. பல பகுதிகளில் தண்ணீர் முறை வைத்து, சில மணி நேரம் மட்டும் வரும் வழக்கமாயிற்று. அப்படி வருகிற தண்ணீருக்கு வேகம் எங்கிருந்து வரும்? இந்திய நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் கையேடு, தெருக்குழாயில் குறைந்தது எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு இது: ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17. அதாவது தண்ணீர் அவ்வளவு உயரத்துக்குத் தானாக ஏற வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீட்டு வாசலில் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குனிந்து குடம் வைத்துப் பிடிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சென்னை வீட்டின் சம்ப் அந்தக் குழியின் பெரிய வடிவம்தான். தெருத் தண்ணீர் ஒரு அடிகூட ஏறாது என்று முடிவு கட்டி, அது இறங்கி வந்து விழுவதற்கென்றே தரைக்கடியில் கட்டிய தொட்டி. அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். இதனால் வீட்டுக் குழாயின் அழுத்தத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போய்விடுகிறது. தண்ணீர் வராவிட்டால் வாரியத்தைத் திட்டலாம். நூலாக வந்தால் திட்ட வேண்டியது வீடு கட்டிய மேஸ்திரியை.

கணக்கு எளிது. தொட்டியில் நிற்கும் நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவே உள்ள ஒவ்வொரு மீட்டர் உயரமும் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம். மூன்று மாடி வீட்டில் தரைத்தளக் குழாய்க்கு 10 மீட்டர் உயரம் கிடைத்தால் 1 பார். வாளி குதித்து நிரம்பும். அதே வீட்டின் மேல்தளத்தில், தொட்டியைத் தளத்தின் மேலேயே உட்கார வைத்திருந்தால், ஷவருக்கு மேலே நிற்கிற தண்ணீர் ஒன்றரை இரண்டு மீட்டர்தான். 0.2 பாரைத் தாண்டாது. கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய அகலமான மழை ஷவரின் அட்டையில் அதைப்போலச் சில மடங்கு கேட்டிருப்பார்கள். அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை. மேல்தளத்துக்காரர் பிளம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார், கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இருக்காது.

தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தலாமே என்று உடனே யோசனை வரும். உயர்த்தினால் கிடைப்பது 0.1 பார். மேல்தளத்துக்கு அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை, அதைத் தாங்கத் தூண் வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது குழாயின் அகலம். ஓடுகிற தண்ணீரின் அளவு மாறாமல் குழாயின் உள்விட்டத்தை மட்டும் பாதியாக்கினால், உராய்வில் தொலைகிற அழுத்தம் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல, ஏறக்குறைய 30 மடங்கு ஆகிவிடும். இருப்பதே 0.2 பார் என்னும்போது இந்த இழப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை ஒன்றேகால் இஞ்சிலாவது போட்டு, குளியலறை வரை ஒரு இஞ்சில் கொண்டுபோய், கடைசிக் கிளையில் மட்டும் அரை இஞ்சுக்குக் குறைத்தால் பாதி வீடுகளில் பம்ப்பே வேண்டியிராது. காண்டிராக்டர் செய்வது நேர்மாறு. தொட்டியிலிருந்தே முக்கால் இஞ்சில் இறக்கி மூன்று குளியலறையையும் ஒரு சமையலறையையும் அதில் கோத்துவிடுவார். மிச்சமாகும் பணம் அற்பம், சுவருக்குள் புதைந்துவிட்டால் கேட்பாரும் இல்லை.

இந்த இடத்தில் இரு நாட்டுக்கும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு, கொழும்பில் வீடு கட்டிவிட்டுச் சென்னையில் ஃப்ளாட் வாங்குகிறவர்கள் தடுக்கி விழும் வித்தியாசம். இலங்கையில் எஸ்-லோன் பைப் என்று பொதுப்பெயராகவே ஆகிவிட்ட பிவிசி குழாயில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 20 மில்லிமீட்டர். இங்கே சுவருக்குள் போடும் சிபிவிசியில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்துளை 12 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பெயர் ஒன்று, ஓடுகிற தண்ணீர் ஒன்றல்ல. சிபிவிசி போடுகிறவர்கள் ஒரு அளவு கூட்டிக் கேட்பது நல்லது.

இனிக் கொழும்பு. அங்கே தனி வீடுகளில் பழைய வழக்கம், தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பு இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சமையலறைக்கும் தோட்டத்துக்கும் நேராகப் போகும். இன்னொன்று கூரைக்கு மேலே நிற்கும் தாங்கிக்குப் போய், மிதவை வால்வு வழியாக நிரம்பி, குளியலறைகளுக்கு இறங்கும். மோட்டார் இல்லை, சம்ப் இல்லை. தெரு அழுத்தமே தாங்கி வரை ஏற்றிவிடும். பகலில் ஏறாவிட்டால் ஊர் உறங்கும் நேரத்தில் ஏறிவிடும். அந்தத் தோட்டத்துப் பைப்பைத் திறக்கச் சொன்ன மனிதர் ஒரே திறப்பில் வீட்டை இரண்டாக வெட்டிப் பார்க்கிறார். நேரிணைப்பில் தண்ணீர் பீறிட்டு வந்து குளியலறையில் மட்டும் நூலாக வந்தால், கோளாறு தாங்கிக்கும் ஷவருக்கும் நடுவே. தோட்டத்துப் பைப்பும் சோர்ந்து வந்தால், மீட்டரிலோ தெருவிலோ. இத்தனை மலிவான சோதனை சென்னை வீட்டில் சாத்தியமே இல்லை, ஏனென்றால் நேரிணைப்பு என்று ஒன்றை நாம் விட்டுவைக்கவில்லை.

நேரிணைப்பும் சோர்ந்தால் அடுத்த கேள்வி பக்கத்து வீட்டுக்குப் போகும். "உங்களுக்கும் இப்பிடித்தானோ வருது?" அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் அன்றைய பத்திரிகையைப் பார்க்க வேண்டும். திருத்த வேலைக்காக நீர்வெட்டு என்றும், சில பகுதிகளுக்குக் குறைந்த அழுத்தத்தில் நீர் விநியோகம் என்றும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை விடுக்கும் அறிவித்தல் கொழும்புக்காரர்களுக்குப் பழகியது. பக்கத்து வீட்டுக்கு மட்டும் நன்றாக வந்தால், உங்கள் இணைப்பில் ஏதோ அடைத்திருக்கிறது. நீர்வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பும்போது குழாயின் அடியில் படிந்த துருவும் மண்ணும் கிளம்பி வரும். அது போய் உட்காருமிடம் மீட்டரின் வாயிலுள்ள சல்லடை. வெட்டுக்கு முன் நன்றாக வந்து, வெட்டுக்குப் பின் வாரக்கணக்கில் மெலிந்தே வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். மீட்டர் சபையின் சொத்து, முத்திரை வைத்தது. அதைத் தொடாமல் சபையைக் கூப்பிட வேண்டும். மீட்டருக்கு அப்புறம் உள்ள ஸ்டொப் கொக்கை யாரோ பாதி மூடிவிட்டுப் போயிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான். பணம் கொடுத்து ஆள் கூப்பிட்டபின் அதைக் கண்டுபிடிப்பது வயிற்றெரிச்சல்.

கொழும்பு முறையில் ஒரு பலவீனம் உண்டு. அழுத்தம் சபையின் பொறுப்பு என்று இருப்பதால், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் குறைவு. தாங்கிக்குள் மிதவை வால்வின் சின்னத் துளை அடைத்து, தாங்கி கால்வாசிக்கு மேல் நிரம்பாமல் மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டார் சபையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல அதிகமில்லை. நிலக்கீழ்த் தாங்கி, பம்ப், மேல்தாங்கி என்று அவை சென்னை ஃப்ளாட்டின் உடன்பிறப்புகள். கோளாறும் அதே கோளாறுதான்.

யாழ்ப்பாணம் இரண்டோடும் சேராது. அங்கே பல தலைமுறைகளாக வீட்டு நீர் என்றால் வளவுக் கிணறு. சுண்ணாம்புக்கல் நிலம், நீர்மட்டம் அதிக ஆழமில்லை. அதனால் கிணற்றுக் கட்டோரம் வைத்த சிறிய பம்பே போதும். சென்னை ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் தேவைப்படுவதற்குக் காரணம், மேலே இருந்து உறிஞ்சும் எந்தப் பம்பும் 10 மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்க முடியாது என்பதுதான். நடைமுறையில் 7 மீட்டரிலேயே திணறும். யாழ்ப்பாணக் கிணறுகள் மாரியில் இந்த எல்லைக்கு உள்ளேயே இருக்கும். ஆவணி, புரட்டாதியில் மட்டம் இறங்கும்போதுதான் பம்ப் பாதிக் காற்றும் பாதித் தண்ணீருமாகத் துப்பும்.

"பம் காத்து இழுக்குது" என்று அங்கே சொல்வார்கள். அப்போது ஆராய வேண்டியது உறிஞ்சு குழாய். அதில் எங்கோ ஒரு பொருத்து விலகியிருக்கும். அழுத்தக் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயின் ஓட்டை காற்றை உள்ளே இழுக்குமே தவிர ஒரு சொட்டும் வெளியே விடாது. ஈரத் துணியை ஒவ்வொரு பொருத்திலும் இறுக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பொருத்தில் சுற்றியதும் பம்ப் சத்தம் மாறித் தண்ணீர் கட்டியாக வருகிறதோ, ஓட்டை அங்கே. தினமும் காலையில் பம்புக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொடங்க வேண்டியிருந்தால், குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு பழுது. தமிழ்நாட்டுத் திறந்த கிணறுகளில் மோனோபிளாக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

சுண்ணாம்பு நீரின் இன்னொரு வேலை, குழாய் வாய்களை வெள்ளையாகக் கட்டிவிடுவது. யாழ்ப்பாணத்துக் கேத்தலில் படியும் அதே படிவு ஷவர் துளைகளிலும் குழாய் நுனிச் சல்லடையிலும் படிகிறது. சென்னையில் போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளிலும் இதே கதை. ஒரே ஒரு குழாய் மட்டும் மெலிந்து மற்றவை சரியாக வந்தால் சுவரை உடைக்கச் சொல்கிற ஆளை அனுப்பிவிட்டு, நுனிச் சல்லடையைக் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் போட்டு வையுங்கள். வெந்நீர் மட்டும் மெலிந்தால் கீசர். அதன் நுழைவாயில் வால்விலோ தொட்டிக்குள்ளோ உப்புக் கட்டியிருக்கும்.

2024இல் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணத்திலும் குழாய் நீர் பரவத் தொடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் கொள்ளளவு கொண்டது அது. கிணறும் குழாயும் சேர்ந்து இருக்கும் வீடுகளில் ஒரு ஆசை வரும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்து நடுவில் ஒரு வால்வு போட்டுவிட்டால் எது வந்தாலும் வரட்டுமே என்று. தெரு அழுத்தம் குறையும் வேளையில் அந்த வால்வு கசிந்தால் கிணற்று நீர் பம்பின் வேகத்தில் தெருக்குழாய்க்குள் போய் ஊரார் குடத்தில் விழும். இரண்டுக்கும் தனித்தனித் தாங்கி, அல்லது ஒரே தாங்கிக்குள் மேலிருந்து தனித்தனியாக விழும் வாய்கள். இதற்குமேல் குறுக்குவழி கிடையாது.

இலங்கையின் மலையகத்தில் மின்சாரமும் வேண்டாம், சபையும் வேண்டாம். ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மேலே ஊற்றில் சின்னக் கட்டு கட்டி, கறுப்புக் குழாயில் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறக்குவார்கள். பீலிக்கரை இருந்த இடங்களில் இப்போது குழாய்க்கரை. உயரம் வேண்டுமட்டும் இருக்கிறது என்பதே அங்கே தொல்லை. 50 மீட்டர் சரிவு என்றால் அடிவாரத்தில் 5 பார்; கீழ் லயத்தில் குழாய் வெடிக்கும், அதே நேரம் மேல் லயத்தில் "அண்ணே, தண்ணி ஏறல" என்பார்கள். கீழே திறந்தே கிடக்கும் ஒரு குழாய் மேட்டிலுள்ளவர்களின் பங்கை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சரிவின் நடுவே ஒரு சிறு தொட்டி வைத்து அழுத்தத்தை உடைப்பதுதான் தீர்வு. மழைக்குப் பிறகு திடீரென்று மெலிந்தால், ஊற்றுக் கட்டின் சல்லடையில் இலை அடைத்திருக்கும்; யாராவது மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

காற்றடைப்பைப் பற்றி இரண்டு ஊர்ப் பிளம்பர்களும் மணிக்கணக்கில் பேசுவார்கள். மாடித் தொட்டி முழுக்கக் காலியாகி மறுபடி நிரம்பும்போது, குழாய் எங்கே மேடாக வளைகிறதோ அங்கே காற்று சிக்கிக்கொள்ளும். 0.2 பார் அழுத்தத்துக்கு அந்தக் காற்றை நகர்த்தும் பலம் கிடையாது. தொட்டி காலியாவது சென்னையில் அடிக்கடி நடப்பது என்பதால், தொட்டியின் வெளிவாயை ஒட்டி நீர்மட்டத்துக்கு மேலே நீளும் ஏர் பைப் இங்கே நல்ல பிளம்பர் வைக்கிற கையெழுத்து. கொழும்பில் பல வீடுகளில் அது இருக்காது. ஆனால் அவர்களிடம் வேறு தந்திரம் இருக்கிறது. சமையலறையின் நேரிணைப்புக் குழாயையும் தாங்கிக் குழாயையும் ஒரு ஹோஸால் இணைத்து இரண்டையும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால், தெரு அழுத்தம் காற்றைத் தாங்கி வரை தள்ளி வெளியேற்றிவிடும். முடிந்ததும் இரண்டையும் மூடி ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோயிருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது.

இத்தனையும் பார்க்காமல் நேரே பம்ப் வாங்குவதுதான் இன்று இரண்டு நாட்டிலும் பெருகிவரும் வழக்கம். மாடித் தொட்டிக்குக் கீழே, வீட்டுக்குள் பிரஷர் பம்ப் வைத்தால் அதன் லாபநட்டம் உங்களோடு போயிற்று. அடைத்த குழாயில் பம்ப் வைத்தால் மின்கட்டணம் ஏறும், பழைய ஜிஐ குழாயின் துருப்பிடித்த பொருத்துகள் விடும், அவ்வளவுதான். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது வேறு வகை. இரண்டு நாட்டிலும் அதற்குத் தடை உண்டு. தமிழ்நாட்டில் மாநகராட்சி ஆட்கள் மோட்டாரைப் பறிமுதல் செய்வது செய்தித்தாளில் அடிக்கடி வருவது. மறு வாரம் புது மோட்டார் வந்துவிடும். மோட்டார் இழுக்கும்போது தெருக்குழாயின் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்போது பழைய பொருத்துகளின் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுபடுகிறது. முதல் குடம் நாறுகிறது என்று கீழே கொட்டும் தெருக்களில் எத்தனை வீட்டில் மோட்டார் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பந்தியில் முன்வரிசைக்காரர் அண்டாவையே தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டால் கடைசி வரிசை இலைக்கு என்ன வரும்? இந்த விஷயத்தில் கொழும்பைவிட நாம் மோசம் என்பது என் தீர்ப்பு. அங்கே தெருவில் அழுத்தம் இருப்பதால் திருடும் தேவை குறைவு. இங்கே திருடுவதாலேயே தெருவில் அழுத்தம் இல்லை.

நிலைமை மாற முடியாதது அல்ல. ஒடிசாவின் புரி நகரில் 2021இலிருந்து 24 மணி நேரமும் குடிக்கத்தக்க குழாய் நீர் வருகிறது. கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்காக 2018இல் சூயஸ் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது. அப்படி இணைப்பு வருகிற வீடுகள் பழைய பழக்கத்தில் அதையும் சம்ப்புக்குள் விழவிட்டு, மறுபடி மோட்டாரில் ஏற்றினால் வந்த அழுத்தம் குழிக்குள் போய்ச் செத்துவிடும். கொழும்பு வீட்டைப்போல் சமையலறைக்காவது ஒரு நேரிணைப்பு விடுங்கள். கொழும்புக்காரர்கள் தங்கள் தாங்கிக்கு ஒரு ஏர் பைப் வைத்துக்கொள்ளட்டும்.

அதுவரைக்கும் ஒரு பழக்கம். பிளம்பரையோ வாரியத்தையோ கூப்பிடும் முன் 10 லிட்டர் வாளியை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் குளிக்கப் போதும். இரண்டரை நிமிடம் ஆனால் எங்கோ கோளாறு. பிறகு இன்னொரு குழாயையும் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒன்று மட்டும் திறந்தபோது நன்றாக வந்து, இரண்டாவதைத் திறந்ததும் படுத்துவிட்டால், உயரம் போதும், குழாய்தான் குறுகல் அல்லது அடைப்பு. தனியாகத் திறந்தபோதே மெலிந்தால் அந்தக் குழாயின் நுனியும் வால்வும், அதற்குப் பிறகு தொட்டியின் உயரம். கோளாறு தெருவில்தான் என்று தெரிந்தால் எந்த மணிக்கு, எத்தனை நொடியில் 10 லிட்டர், அடுத்த வீட்டில் எப்படி என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். சென்னையில் 1916, இலங்கையில் 1939. "தண்ணீர் சரியாக வரவில்லை" என்ற புகாரைத் தள்ளிப்போடுவது எளிது, எண்களோடு வரும் புகாரைத் தள்ளிப்போடுவது கடினம்.